பெரட்டு மணி கேட்கும் அறை

காலை ஒன்பது மணிக்குப் பினாங்கில் படகேறி, பிறையில் ரயில் பிடித்து, சுங்கைப் பட்டாணியில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. புக்கிட் செலம்பாவில் இருக்கும் நண்பரைப் பார்க்க இன்னும் எட்டு மைல் போகவேண்டும். மாட்டுவண்டிக்கு ஒரு வெள்ளி கேட்டார் வண்டிக்காரர் மாரிமுத்து. பேரம் பேசிப் பார்த்தேன், மனிதர் மசியவில்லை.

இரண்டு மணி சுமாருக்கு ஒரு ரப்பர்த் தோட்டத்தின் வாசலில் வண்டி நின்றது. தோட்டத்துக் குடியிருப்பு வரிசையான லயத்தில் இடம் கிடைக்காத கூலிகளுக்காக, அங்கே ஒரு கடைக்காரர் பழைய மாட்டுக்கொட்டகையைத் தடுத்து அறைகளாக்கி வாடகைக்கு விட்டிருந்தார். மாதம் நான்கு வெள்ளி. உள்ளே எட்டிப் பார்த்தேன். கூரையில் வானம் தெரிந்தது.

"இதுக்கா நாலு வெள்ளி, அண்ணே?"

"பெரட்டு மணி கேக்குதுல்ல, அதுக்குத்தாங்க காசு," என்றார் மாரிமுத்து. "இருட்டுல மணி அடிச்சுப் பேர் கூப்பிடுவாங்க. பிந்திப் போனா அன்னைக்கு வேலை இல்ல. ஆத்துக்கு அந்தாண்ட மலாய்க்காரங்க கம்பத்துல ஒரு வெள்ளிக்கு நல்ல வீடே கெடைக்கும். ஆனா நாலு மைல் நடக்கணும்."

அப்போது ஓர் அறையைக் காலி செய்துகொண்டு கருப்பையாவும் அவர் மனைவி வள்ளியும் எங்கள் வண்டியில் ஏறினார்கள். இரண்டு பானை, ஒரு பாய், ஒரு மூட்டை. ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் போகிறார்களாம்.

"நல்ல காரியம்! மூணு வெள்ளி மிச்சம்," என்று மெச்சினேன். நடப்பது உடம்புக்கு நல்லது என்று புத்திமதி வேறு சொன்னேன். கருப்பையா தலையைக் குனிந்துகொண்டார்.

வள்ளிதான் பேசினாள். "கைப்புள்ள இருந்துச்சுங்க. வேலைக் காட்டுலேருந்து நடுவுல ஓடி வந்து பால் குடுத்து அமத்திட்டுப் போவேன். அதுக்குத்தான் அரைவயித்துக் கஞ்சியோட இங்க கெடந்தோம். போன வாரம் காய்ச்சல்ல போயிருச்சு. இனி கிட்டக்க இருந்து என்னங்க செய்ய?"

என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. 

ஆற்றைத் தாண்டியதும் இறங்கினார்கள். வீடு உண்மையிலேயே நல்ல வீடு. ஒழுகாத அத்தாப்பு ஓலைக் கூரை, காற்றோட்டமான கூடம். வள்ளி பானைகளை இறக்கி வைத்தாள். தொட்டில் கட்ட வாகாக இருந்த விட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே வந்து நின்றாள்.

பினாங்கில் நான் ஆபீசுக்கு அருகிலேயே அறை எடுத்திருக்கிறேன். இரண்டு வெள்ளி கூடுதல். காலையில் இன்னும் அரைமணி நேரம் தூங்கலாமே என்றுதான். ஊர் திரும்பிய மறுநாள் விடியுமுன்பே விழிப்பு வந்துவிட்டது. பிறகு தூங்க முடியவில்லை. அந்நேரம் வள்ளி ஆற்றுப் பாலத்தைத் தாண்டி இருட்டில் நடந்துகொண்டிருப்பாள்.