படிகத்துக்குப் போட்ட இரண்டு படங்கள்

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். மாதம் ஒரே ஒரு பிரதி. அது வீடு வீடாகச் சுற்றி, எண்ணெய்க் கறையோடு என்னிடமே திரும்பி வரும். நான் அப்போது அரசாங்க அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. பத்திரிகைக்குப் படம் போடுவதும், எந்தக் கதைக்கு எந்தப் படம் என்று முடிவு செய்வதும் என் பொறுப்பு. அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

கதைகள் பெரும்பாலும் என் நெருங்கிய நண்பன் எழுதுவான். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார். அவனுக்குக் கல்யாணமான வருஷம், வேற்றுக் கிரகத்தைப் பற்றி ஒரு கதை எழுதினான். அங்கே புத்தகங்கள் கிடையாது. அறிந்ததையெல்லாம் சின்னச் சின்னப் படிகங்களுக்குள் சேமித்துவைக்கிறார்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே இருப்பதைப் படிக்கலாம். பாதி வாசித்ததுமே நான் தூரிகையை எடுத்துவிட்டேன். தாடி வைத்த ஒரு கிழவர், உள்ளங்கையில் பட்டை தீட்டிய பெரிய கல், அதிலிருந்து நாலா பக்கமும் ஒளிக்கதிர்.

அதை அவன் வீட்டுக்குக் கொண்டுபோனபோது இன்னொரு தாளை எடுத்து நீட்டினான். "ஏலே, இதையும் பாரு. எது சரியா இருக்கோ அதை ஒட்டு."

கறுப்பு மையில் போட்ட படம். ஒரு கண்ணாடி ஜாடி, அதற்குள் நூலில் தொங்கும் ஒரு படிகம். ஜன்னல் வெயில் அதன் வழியே போய்ச் சுவரில் விழுகிறது. சுவரில் விழுந்த நிழலுக்குள் வரிவரியாக, பொடிப்பொடியாக ஏதோ எழுத்து. வாசிக்க முடியாது, ஆனால் எப்படியாவது வாசித்துவிட வேண்டும்போல் இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

"யாருலே போட்டது?"

"முதல்ல நீ பாத்துச் சொல்லு."

அவன் சொல்லத் தேவையில்லை. அவன் மனைவி அடுக்களைக் கதவுக்குப் பின்னால் மூச்சுக்கூட விடாமல் நின்றிருந்தாள். ஆய்க்குடிப் பெண், காலேஜில் தாவரவியல் படித்தவள். அவள் வந்த பிறகு, சாயங்காலம் நானும் அவனும் குத்துக்கல்வலசை வரை நடப்பது நின்றுபோயிருந்தது. அவன் கதைகளை முதலில் கேட்கிறவனாக நான் இருந்ததும் போயிற்று. இப்போது படமுமா?

"இதுல உயிரே இல்லலே," என்றேன், உள்ளே கேட்கட்டும் என்று சற்று உரக்கவே. "லேப் நோட்டுல போடுத படம் மாதிரில்லா இருக்கு."

அவன் தாளை வாங்கி மடித்துக்கொண்டான். அன்றைக்கே என் படத்தை மைதாப் பசை தடவிக் கதைக்கு எதிர்ப்பக்கத்தில் ஒட்டினேன்.

மறு வாரம் குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. மூவரும் ஐந்தருவிக்குப் போனோம். நண்பன் இன்னும் அருவியை விட்டு வெளியே வரவில்லை. குளித்துவிட்டு ஈரத்தலையோடு அவள் என் பக்கம் வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"நீங்க சொன்னது சரிதான் அண்ணாச்சி. எனக்கு லேப் நோட்டுல வரைஞ்சே கை பழகிப்போச்சு," என்றாள். பிறகு தயங்கினாள். "ஒண்ணு கேக்கலாமா? அந்தக் கல்லை ஏன் வைரம் மாதிரி போட்டிய? கதையில அது தெருவெல்லாம் கெடக்குல்லா. மிதிச்சுக்கிட்டுப் போறாக, யாரும் குனிஞ்சு எடுக்க மாட்டேங்காக. அதைத்தான அவுக அவ்வளவு வருத்தப்பட்டு எழுதியிருக்காக."

கதையின் பின்பாதியை நான் வாசிக்கவே இல்லை. சாரலில் நின்றும் முகம் சுட்டது.

வீட்டுக்கு வந்து கதையை முழுக்க வாசித்தேன். என் படத்தைப் பிய்த்தெடுத்தேன். தாளும் கொஞ்சம் கிழிந்து வந்தது. மறுநாள் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போய், இருவரும் இருக்கும்போதே சொன்னேன்: "அந்தப் படம்தான் சரி. பாத்த உடனே எனக்குத் தெரியும். பொறாமையில அப்படிச் சொல்லிட்டேன்."

அவள்தான் பேசினாள். "அதைக் கதையோட சேத்து மெட்ராஸ் பத்திரிகைக்கு அனுப்பியாச்சே அண்ணாச்சி."

அந்த மாதப் பிரதி, பசை காய்ந்த வெற்றுப் பக்கத்தோடுதான் ஊரைச் சுற்றியது.

மூன்று மாதம் கழித்து ஒரு வாரப் பத்திரிகையில் கதையும் படமும் வந்தன. அதே பத்திரிகைக்கு நான் அனுப்பிய படங்களெல்லாம் தபாலில் திரும்பி வந்தவை. பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாங்கி, அங்கேயே நின்று, அவள் படத்தில் ஏதாவது குறை இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

"பாத்தியாலே?" என்று நண்பன் அலுவலகத்துக்கே ஓடிவந்தான்.

"பாத்தேன். நல்லா வந்திருக்கு," என்றேன். சொன்னது உண்மை, சொல்லும்போது நெஞ்சு காந்தியதும் உண்மை.

அதன் பிறகு அவள் நிறைய வரைந்தாள். நான் தூரிகையை விட்டுவிட்டு எழுத ஆரம்பித்தேன். ஒவ்வொரு படத்தையும் தபாலில் சேர்ப்பதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாள். "குறை இருந்தா நீங்கதான் ஒளிக்காமச் சொல்லுவிய," என்பாள். முதல் பார்வையில் ஒவ்வொரு தடவையும் வயிறு எரியும். அவள் தந்த காபியை மெதுவாகக் குடித்து முடிக்கும்வரை நான் வாயைத் திறக்க மாட்டேன். அதற்குப் பிறகு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்வேன்.