தேனீக்கு வேப்பிலை அடித்த கம்பவுண்டர்

கம்பவுண்டர் ஞானசிங்கைக் கேட்டால் உலகத்தில் தீராத வியாதி என்று ஒன்று கிடையாது. சித்தூரில் எங்கள் சபையில் யார் தும்மினாலும் ஆராதனை முடிவதற்குள் ஒரு பொட்டலம் கைக்கு வந்துவிடும். இங்கிலீஷ் மருந்து கலக்குவது அவர் உத்தியோகம், மூலிகை இடிப்பது அவர் ஆசை. இரண்டுக்கும் நடுவில் பெண் தேட நேரமில்லாமல் நாற்பதைத் தாண்டிவிட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் அவருக்கு இரண்டு நல்ல காரியங்கள் சேர்ந்து வந்தன. ஒன்று தேனீப் பெட்டி. விவசாய இலாகா ஆள் ரங்கையா ஊர் ஊராகப் போய் மரப்பெட்டியில் தேனீ வளர்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் காது கொடுத்துக் கேட்ட ஒரே மனிதர் ஞானசிங்தான். எங்கள் கோவிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, பின்னாலிருந்த தம் வீட்டுக் கொல்லையில் பெட்டியை வைத்தார்.

இன்னொன்று ஜெயகுமாரியோடு நிச்சயமான கல்யாணம். எங்கள் சபைப் பெண். ரேணிகுண்டாவில் ரயில்வேக்காரர் பிள்ளைகளுக்கு டீச்சர். சனிக்கிழமை ரயிலேறி வீட்டுக்கு வந்துவிடுவாள். எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோவிலில் அறிக்கை வாசிப்பார்கள். தடை சொல்ல நினைப்பவர் எழுந்து சொல்லலாம். ஜெயகுமாரிக்கு ஏற்கெனவே இரண்டு கல்யாணம் அறிக்கையோடு நின்றுவிட்டது. முதல் மாப்பிள்ளைக்குக் கோலாரில் ஒரு பெண்டாட்டி இருந்தாள். இரண்டாமவர் அறிக்கையைக் கேட்டதுமே பயந்துபோய் நாயுடுபேட்டைக்கு ஓடிவிட்டார். அதிலிருந்து அவள் கடைசி பெஞ்சில்தான் உட்காருவாள். இதுவும் நின்றால் இனி யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்பது ஊருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஆடி மாதம் முதல் அறிக்கை வாசித்தார்கள். ஆடியில் கல்யாணம் வைப்பதில் எங்கள் சபைக்கு ஒரு தனிப் பெருமை. அதே வாரம் தேனீக்கள் படுத்துவிட்டன. பறக்க முடியாமல் தரையில் ஊர்ந்தன. உடம்பில் கடுகைவிடச் சின்னதாகச் சிவப்பு உண்ணிகள் ஒட்டியிருந்தன. ரங்கையா வந்து பார்த்தார். “கால்ச்சி பாரெய்யண்டி” என்றார். கொளுத்திப் போடச் சொல்கிறார்.

தம்மிடம் வந்த நோயாளியைக் கொளுத்துவதா? ஞானசிங்குக்குக் கோபம் வந்துவிட்டது. மண்சட்டியில் நெருப்பைப் போட்டு, ஓமமும் வேப்பிலையும் தூவிப் புகை கிளப்பினார். வசம்புத் தூளைச் சாம்பலில் கலந்து தேனீக்கள் மேல் தூவினார். கொட்டுக்குப் பயந்து உடம்பெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டார். முகத்தை மூடக் கிடைத்த மெல்லிய துணியும் மஞ்சள் துணி. இடுப்பில் வேப்பங்கொத்து, கையில் புகையும் சட்டி. ஆடி வெள்ளிக்கிழமை இந்தக் கோலத்தில் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் நகரி நெசவுக்காரர் வீடு. அந்த வீட்டுக் கமலம்மா எட்டிப் பார்த்தாள்.

“தாயே மாரியாத்தா! கம்பவுண்டர் மேலயா வந்து எறங்கிக்கினே!” என்று குலவை போட்டாள். சற்று நேரத்தில் தெருப் பெண்கள் அத்தனை பேரும் வேப்பிலை, மஞ்சள், கூழ்க் குடத்தோடு கொல்லையில் நின்றார்கள்.

வேறு யாராக இருந்தாலும் விரட்டியிருப்பார்கள். ஞானசிங்குக்கோ வேப்பிலை தீர்ந்துபோயிருந்தது. “எலைய இப்டி வச்சிட்டுப் போங்கம்மா. நாளைக்கும் கொண்டாங்க” என்றார்.

“கூழு?”

“பூச்சிங்க கூழு துன்னாது. எனக்குக் குடு.”

அது முதல் தினமும் கூட்டம் வந்தது. தேனீக்களும் தேறத் தொடங்கின.

இரண்டாம் ஞாயிறு அறிக்கை வாசித்ததும் சபைப் பெரியவர்களில் ஒருவரான மூப்பர் பிரகாசம் எழுந்து நின்றார். சபைச் சட்டம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். சபைக் குருவான ஐயர் சித்தூருக்குப் புதிது, தம் காலத்தில் தடை என்று ஒன்றைக் கண்டதில்லை. மூக்கில் இருந்த கண்ணாடியை மேசையில் தேடினார்.

“மாப்பிள்ள தேனீக்குப் பூஜை பண்றாரு, ஐயரே. மஞ்சத் துணி கட்டிக்கினு, தீச்சட்டி தூக்கிக்கினு!”

“அது ஓமப் பொகை, மூப்பரே. உண்ணிக்கு” என்றார் ஞானசிங்.

“வேப்பிலை?”

“அதுவும் உண்ணிக்கு.”

“கூழு?”

ஞானசிங்குக்குப் பொய் சொல்லத் தெரியாது. “அது பசிக்கு.”

நான் பாட்டுக்காரர் பெஞ்சிலிருந்து திரும்பிப் பார்த்தேன். ஜெயகுமாரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் கமிட்டி கூடியது. தேனீக்கள் ஞானஸ்நானம் பெறாதவை, ஆகையால் அவை கும்பிடப்பட்டனவா, கும்பிட்டனவா என்று பேச்சு போயிற்று. படித்த மனிதர்கள்! கடைசியில் சனிக்கிழமை நேரில் போய்ப் பார்ப்பது என்று தீர்மானம்.

கோவிலுக்கென்று வைத்திருந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு பிரகாசம் முன்னால் வந்தார். ஐயரும் மற்ற மூப்பர்களும் பின்னால் வந்தார்கள்.

“பொகை இல்லாம, மஞ்சள் இல்லாம, வேப்பிலை இல்லாம, கிறிஸ்தவ முறைப்படி தொறங்க” என்றார் பிரகாசம்.

“வேணாங்க மூப்பரே. இப்ப அதுங்க சொஸ்தமாயிட்ச்சி.”

“தொறங்க!”

திறந்தார். மருந்து நன்றாக வேலை செய்திருந்தது என்பதைக் கமிட்டி முழுவதும் உடம்பால் உணர்ந்தது. கொட்டுக்குப் போட அங்கே இருந்த மருந்து ஒன்றுதான், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த விழுது. ஐயர் முதல் அத்தனை பேரும் வரிசையாக உட்கார்ந்து முகத்தைக் காட்டினார்கள். கமலம்மா மதிலேறி வந்து, பயபக்தியோடு ஒவ்வொருவருக்கும் வேப்பங்கொத்தால் விசிறினாள். யாரும் தடை சொல்லவில்லை.

மஞ்சள் ஒரு ராத்திரியில் போகுமா? மறுநாள் ஐயர் மஞ்சள் முகத்தோடு மூன்றாவது அறிக்கையை வாசித்தார். முன் பெஞ்சில் மஞ்சள் மூப்பர்கள் குனிந்த தலை நிமிரவில்லை. “யாருக்காவது தடை உண்டா?” என்று கேட்டுவிட்டு ஐயர் நிறுத்தினார்.

ஒரு தேனீ கொட்டினால் அந்த இடத்தில் ஒரு வாசனை ஒட்டிக்கொள்ளும், மற்றவை அதைத் தேடி வரும் என்று ஞானசிங் சொல்வார். பிரகாசம் அதே கோட்டில் வந்திருந்தார். ஜன்னல் வழியாக ஒரு தேனீ வந்து அவர் காதருகே சுற்றியது. மனிதர் துள்ளி எழுந்து நின்றார்.

ஐயர், “இப்ப இன்னா தடை, மூப்பரே?” என்றார்.

பிரகாசம் வாயைத் திறப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. கோவிலில் அதுவரை பாட்டுக்குக்கூட வெளியே கேட்காத குரல்.

“உக்காருங்க மாமா!”

பிரகாசம் திரும்பி அவளைப் பார்த்தார். நின்றுகொண்டிருந்தாள். கை பெஞ்சைப் பிடித்திருந்தது. அவர் உட்கார்ந்தார். ஆனால் அவருக்கு முந்தியே தேனீ அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டிருந்தது.

அந்த முகம் போன போக்கை நான் பார்த்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஆனால் எழவில்லை, அசையவில்லை. இன்னொரு முறை எழுந்தால் அந்தப் பெண்ணின் கல்யாணம் போச்சு என்று அவருக்குத் தெரியும். பிரசங்கம், காணிக்கை, கடைசிப் பாட்டு எல்லாவற்றுக்கும் அப்படியே இருந்தார். எனக்கு ஜன்மத்தில் முதல் தடவையாக அந்த மனிதர்மேல் பிரியம் வந்தது. ஆசீர்வாதம் முடிந்த பிறகுதான் “ஐயோ” என்றார்.

வெளியே ஜெயகுமாரி வேப்பிலை விழுதோடு நின்றிருந்தாள். கொட்டிய இடம் அப்படிப்பட்டதாகையால், இலையில் வைத்து அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். திரும்பிய பிறகுதான் அழுதாள்.