பிளாட்பாரத்தில் பாவு

எங்கள் தெருவைச் சாக்கடைக் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்த சமயம் பார்த்து நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. முகூர்த்தச் சேலை தாய்மாமன் கையால் நெய்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று பெண் பிடிவாதம் பிடித்தாள். தாய்மாமன் என் வீட்டுக்காரர். பட்டு வந்துவிட்டது, சாயமும் ஏற்றியாகிவிட்டது. பாவு தோய இடம்தான் இல்லை.

தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகள்தான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்டிவிட வேண்டும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனால் எது எப்படிக் கெட்டுப்போகும் என்று கற்பனை செய்வதில் பெரிய படிப்புப் படித்திருக்கிறேன். பாவு பள்ளத்தில் விழுந்து, அதன்மேல் ஜேசிபி ஏறி, கடையில் வாங்கிய சேலையில் பெண் மணையில் உட்கார்ந்து அழுவது வரைக்கும் பார்த்துவிட்டேன்.

“ஸ்டேஷன்ல போட்டா இன்னா?” என்றார் வீட்டுக்காரர்.

ஊர் ஓரத்தில் இருக்கும் சின்ன ஸ்டேஷன் அது. வெள்ளைக்காரன் காலத்துச் சுண்ணாம்புக் கட்டடம், வளைவு வைத்த வாசல், ஓட்டுக்கூரையின் விளிம்பில் பல்வரிசை மாதிரி செதுக்கிய மரப்பலகை. கூரையைத் தாங்கும் தூண்கள் எல்லாம் பழைய தண்டவாளங்கள். வண்டி வருவதற்கு அடிக்கும் மணியும் தண்டவாளத் துண்டுதான். தேய்ந்துபோனதை வீணாக்கக்கூடாது என்று நினைத்த யாரோ கட்டியிருக்கிறார்கள். மீட்டர் கேஜை மாற்றி அகலப் பாதை போட்டபோது பிளாட்பாரத்தை உயர்த்தினார்கள். கட்டடத்தை உயர்த்த முடியுமா? டிக்கெட் ஜன்னல் இடுப்புக்குக் கீழே போய்விட்டது. எப்பேர்ப்பட்ட அதிகாரியும் அங்கே குனிந்துதான் டிக்கெட் வாங்க வேண்டும். சமீபத்தில் வண்ணமடித்துப் பாரம்பரியக் கட்டடம் என்று பலகை வைத்தார்கள். அன்றிலிருந்து கல்யாண ஜோடிகள் வரிசையாக வந்து தூணில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த ஜோடிகளைத்தான் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். ஸ்டேஷன் மாஸ்டர் நெல்லூர்ப் பக்கத்துக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், பதறினால் தெலுங்கு வந்துவிடும்.

“ஃபோட்டோகாரங்க குடையும் லைட்டும் வெச்சிக்கினு அரை நாளு நிக்கிறாங்க சார். நாங்க நூலு வெச்சிக்கினு கொஞ்ச நேரம் நிக்கக் கூடாதா?”

அவர் யோசித்துவிட்டு, “காலை பாசஞ்சர் ரெண்டாவது லைன்லதான் வரும். எறங்கறவங்க அந்தப் பக்கமாவே போயிடுவாங்க, இந்தப் பக்கம் யாரும் வரமாட்டாங்க. சீக்கிரம் முடிச்சிடணும்” என்றார்.

“வண்டி இந்தப் பக்கம் வந்துட்டா?” என்றேன் நான்.

“ஏன், உன்ன பாக்கவா வருது அது?” என்றார் வீட்டுக்காரர்.

மறுநாள் விடியற்காலையில் பக்கத்து வீட்டுத் தம்பதியும் துணைக்கு வந்தார்கள். கூரை நிழலில் தூணுக்குத் தூண் பாவை இழுத்துக் கட்டினோம். அரக்குச் சிவப்பு, அந்தப் பழைய சுவருக்கு அத்தனை எடுப்பாக இருந்தது. கஞ்சி தெளித்து முடித்த நேரம், ரெண்டாவது லைனில் ஒரு கூட்ஸ் வண்டி வந்து நின்றது. நின்றது, போகவில்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் ஓடி வந்தார். “அம்மா, பாசஞ்சர் ஒண்ணாவது லைன்ல வருதும்மா! சுருட்டுங்க!”

“ஈரம் சார். இப்போ சுருட்டினா இழையெல்லாம் ஒட்டிக்கும். பாவே போயிடும்” என்றார் வீட்டுக்காரர். அவர் குரலே கம்மிப்போனதை அன்றுதான் கேட்டேன்.

வண்டி வந்து நின்றது. கதவுக்கும் வெளிவாசலுக்கும் நடுவே எங்கள் பாவு. இறங்கினவர்கள் பையும் கூடையுமாக வந்தார்கள்.

எங்கள் ஊரில் பாவைத் தாண்ட மாட்டார்கள், குனிந்து அடியில்தான் நுழைவார்கள். ஸ்டேஷனாக இருந்தால் என்ன? முதலில் வந்த மனிதர் சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக் குனிந்தார். பின்னால் வந்த காலேஜ் பெண் முதுகுப் பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நுழைந்தாள்.

“இன்னாப்பா, தெருவ வுட்டுட்டு இங்க வந்துட்டீங்க?” என்று குனிந்தபடியே கேட்டார் ஒருவர்.

“தெரு இருந்தா ஏன் வரோம்?” என்றார் வீட்டுக்காரர்.

“அய்ய, இங்க ரெண்டு இழ அறுந்துக்கினு இருக்குது பாரு” என்று பூக்கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு அம்மா முடிச்சே போட்டுவிட்டுப் போனாள்.

கடைசிப் பெட்டியிலிருந்துதான் ஆபத்து வந்தது. எங்கள் ஊர்ப் பெரிய கோயில் அம்மனைத் தரிசிக்க ஆந்திராவிலிருந்து வந்த ஒரு கூட்டம். தலையில் மூட்டைகள். அவர்களுக்குப் பாவு என்ன தெரியும்? கயிறு என்று நினைத்து முன்னால் வந்தவர் காலைத் தூக்கினார்.

“ஆகண்டி!” என்று நிறுத்தச் சொல்லிக் கத்தினார் ஸ்டேஷன் மாஸ்டர். “அம்மவாரி சீர!”

அம்மனுக்குச் சாத்தும் சேலை என்று சொல்கிறார்! தூக்கிய கால் அப்படியே இறங்கியது. மூட்டைகளும் இறங்கின. ஒவ்வொருவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தரையில் தலை முட்டுகிற அளவுக்குக் குனிந்து போனார்கள். ஊர்க்காரர்கள்கூட அவ்வளவு பணிவாக நுழைந்ததில்லை.

இழை ஒன்றும் போகவில்லை. வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே பாவைச் சுருட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மன் பேரில் பொய் சொல்லிக் காப்பாற்றிய பாவில் கல்யாணச் சேலையா? பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

“மொதச் சேலைய அம்மனுக்குக் குடுத்துடலாங்க.”

“அவரு சொன்ன பொய்க்கு நான் நெய்யணுமா?”

“பாவு நம்மளுதுதானே?”

“கல்யாணத்துக்குள்ள ரெண்டு சேலையா? தறி மிதிக்கிற என் கால இன்னான்னு நெனச்ச?”

முணுமுணுத்துக்கொண்டேதான் நெய்தார். அந்தப் பாவில் மூன்று சேலை வரும். முதல் சேலை எங்கள் தெருமுனை அம்மனுக்குப் போனது. இரண்டாவதை, பந்தக்கால் நட்ட அன்றைக்குத்தான் தறியிலிருந்து அறுத்தோம். பெண் அதைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். நன்றாகத்தான் இருக்கிறாள்.

அம்மனுக்குச் சேலை சாத்திய அன்றே குங்குமம் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் மாஸ்டர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அவருக்கும் அன்றிலிருந்து தூக்கம் சரியாக இல்லையாம்.

“அப்போ நான் சொன்னது பொய் இல்லதானேம்மா?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் குங்குமத்தை வாங்கிக்கொண்டார்.