அடுப்புக்கு மேல் இருந்த கேசட்

பழைய தொலைக்காட்சிப் போட்டிகளைத் தேடிச் சேர்க்கும் இணையக் குழுவில் நானும் இருக்கிறேன். யாரிடமும் கிடைக்காத ஒரு வினாவிடைப் போட்டியின் வீடியோ கேசட் மலையகத்து வட்டவளையில் ஒரு பெரியவரிடம் இருப்பதாக அறிந்து போனேன். காதை மூடிய கம்பளித் தொப்பி. பேசும்போதெல்லாம் கேசட்டைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"செத்துப்போன எங்க வீட்டுக்காரி இதுல பதில் சொல்றாம்மா. ஈரத்துல பூசணம் புடிக்கும்னு அடுப்புக்கு மேலயே வச்சிருந்தேன்."

சூட்டில் கேசட் வளைந்து, உள்ளே நாடா ஒட்டிப்போயிருந்தது.

"படிச்ச புள்ள நீங்க. படம் வேணாம், அவ குரல் மட்டும் வந்தாப் போதும்."

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கி வந்தேன். ஹட்டனில் கேட்ட கடைகளிலெல்லாம் கையை விரித்துவிட்டார்கள்.

வாரந்தோறும் அவர் எனக்குப் போன் எடுக்கிறார். நான் வாய் திறக்குமுன்னே, "அவசரமில்லம்மா, மெதுவாப் பாருங்க" என்று வைத்துவிடுகிறார்.