இரண்டாவது புதன்கிழமை

எங்கள் நூற்பாலையில் நிர்வாகமும் தொழிலாளர்களும் சேர்ந்து பேசும் ஆலைக் குழு, மாதந்தோறும் இரண்டாவது புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கூடவேண்டும் என்பது விதி. ஐம்பதுகளின் பிற்பாதியில் தொழிலாளர் தரப்பில் இருந்த நால்வரில் நான் ஒருவன். ஸ்டோர் குமாஸ்தா, ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருபவன். அந்தக் குழு கூடியதைவிட, கூடியதாக எழுதப்பட்டதே அதிகம்.

சென்னையிலிருந்து வந்த மேனேஜர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்களை அழைத்து, வடையும் காபியும் கொடுத்து, நடவடிக்கைப் புத்தகத்தை நீட்டுவார்.

"மாசாமாசம் வேலையை விட்டுட்டு வந்து எதுக்குக் கஷ்டப்படணும்? வர்ற மூணு மாசத்துப் பக்கத்துலயும் இப்பவே கையெழுத்துப் போட்டுடுங்க. மீதியை நான் பார்த்துக்கறேன்."

போட்டோம். வெற்றுத்தாளின் அடியில் என் கையெழுத்து நன்றாகவே விழுந்திருந்தது.

பஞ்சு பிரிக்கும் இயந்திரத்தில் அதுவரை இரண்டு பேர். ஒருவர் பஞ்சைத் தள்ளுவார். மற்றவர் நிறுத்தும் கைப்பிடியருகே நிற்பார். பொங்கல் முடிந்ததும் இரண்டாவது ஆளை நீக்கிவிட்டார்கள். பத்து நாளில், உறையூர்க்காரரான என் நண்பரின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வேலைநீக்க உத்தரவு வந்தது. கவனக்குறைவு அவருடையது, ஒற்றை ஆள் ஏற்பாட்டுக்கு ஜனவரிக் கூட்டத்தில் தொழிலாளர் பிரதிநிதிகள் ஒருமனதாகச் சம்மதித்திருக்கிறார்கள் என்று அதில் இருந்தது.

"நீங்களா சாமி சம்மதிச்சீங்க?" என்றார் நண்பர்.

வீட்டுக்கு வந்து நாட்குறிப்பைப் புரட்டினேன். ஜனவரி இரண்டாவது புதன்: வைகுண்ட ஏகாதசி. ஆலைக்கே விடுமுறை. பக்கத்தை நிரப்பிய மேனேஜர் சென்னைக்காரர். விதியைப் பார்த்தாரே தவிர பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பக்கத்தைக் கிழித்துவிடுவார்கள். அவர் வாயாலேயே வரட்டும் என்று ஐந்து வாரம் காத்திருந்தேன். தினமும் அவருக்கு வணக்கம் வைத்தேன்.

நண்பரின் வேலைநீக்கம் பற்றிய விசாரணை கண்டோன்மென்டில், அரசாங்கத் தொழிலாளர் அதிகாரி முன்னால் நடந்தது. அவர் அனுமதியோடு, மேனேஜரைக் கேள்வி கேட்க எழுந்தேன்.

"அந்த ஜனவரிக் கூட்டத்துல நீங்க நேர்ல இருந்தீங்களா சார்?"

"நிச்சயமா. மூணு மணிக்கு ஆரம்பிச்சு அஞ்சு வரைக்கும் பேசினோம். நீங்களும்தான் இருந்தீங்க."

"புதன்கிழமைதானே சார்?"

"அதான் எழுதியிருக்கே!"

அதிகாரி புத்தகத்தை வாங்கித் தேதியைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்கு என் ஆபீஸே லீவு. நான் குடும்பத்தோட சொர்க்கவாசல் கூட்டத்துல நசுங்கிக்கிட்டிருந்தேன். நீங்க மட்டும் எப்படிங்க மீட்டிங் போட்டீங்க?"

மேனேஜர் கைக்குட்டையைத் தேடினார். அந்தத் தேடலை நான் கண் இமைக்காமல் பார்த்தேன். பிறகு, வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன் என்று சொன்னேன்.

நண்பருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. இயந்திரத்துக்கு இரண்டாவது ஆளும் வந்தார். மேனேஜரைச் சென்னைக்கே மாற்றினார்கள். ஜங்ஷனுக்குப் போய், ரயில் நகரும்போது ஜன்னல் வழியாக அவர் மடியில் ஒரு பஞ்சாங்கத்தைப் போட்டேன். ஏகாதசிக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தேன். அதற்காக இன்றுவரை வருந்தியதில்லை.

திரும்பி வந்து நண்பரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அவரு போயிட்டாரு. உங்க கையெழுத்து இங்கதானே இருக்கு சாமி?"

அடுத்த தேர்தலில் அவரே குழுவுக்கு வந்தார். ஒவ்வொரு இரண்டாவது புதனும், நான் பேனாவைத் திறந்ததும், மூன்று விரல் கையைப் பக்கத்தின் அடியில் அழுத்தி வைத்துக்கொள்வார்.

"மொதல்ல படிங்க."

நான் முழுவதையும் உரக்கப் படித்து முடித்த பிறகுதான் கையை எடுப்பார்.