சோகேஸில் பூட்டிய கதைப்புத்தகங்கள்

1. அக்காவின் மகளுக்குக் கதைப்புத்தகங்கள் வாங்கி வந்தேன்.
2. அக்கா ஒவ்வொன்றுக்கும் பொலித்தீன் உறை போட்டாள்.
3. அவற்றைச் சோகேஸில், கண்ணாடிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில், அட்டை தெரிய அடுக்கிப் பூட்டினாள்.
4. பிள்ளைக்கு வாசிப்புப் பிந்துகிறது, வீட்டில் ஏதாவது வாசிக்கக் கொடுங்கள் என்று முதலாம் வகுப்பு ஆசிரியை சொல்லி அனுப்பினார்.
5. அக்கா ரியூஷனுக்கு ஆள் தேடத் தொடங்கினாள்.

நான் தொலைபேசிக் கோபுரங்களில் பழுது பார்ப்பவள். பழுது எங்கே என்று தெரியாமல் புதுச் சாமான் மாட்டினால் எங்கள் பொறியியலாளர் ஏசுவார். கல்லடியில் எங்கள் வீட்டில் அப்படி ஏச ஆளில்லை.

“ரியூஷன் என்னத்துக்கு அக்கா? சோகேஸைத் திறந்து விடு.”

“திறந்தா புட்டுக் கையோட தொடுவாள். மறுகா கிழிச்சும் போடுவாள்.”

“கிழிக்கட்டுமே.”

“உனக்கென்னகா, புள்ளையா குட்டியா? கிழிக்கட்டுமாம்!”

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தபோது எங்கள் வீட்டில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பிகூட மிஞ்சவில்லை. அக்கா அதன் பிறகுதான் எல்லாவற்றையும் பூட்டி வைக்கப் பழகினாள். எனக்கும் அது தெரியும். ஆனால் சோகேஸும் கடலுக்குத் தாங்காதே.

பிள்ளையோ பள்ளி விட்டு வந்ததும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பாள். அட்டையில் இருக்கும் பெயர்களை என்னிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடமாக்கிவிட்டாள். கண்ணாடியில் விரலடையாளம் என்று அதற்கும் ஏச்சு விழும்.

அத்தான் கட்டாரில் வேலை செய்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை வீடியோ கோலில் வந்தார். அக்கா போனைச் சோகேஸின் பக்கம் திருப்பினாள்.

“இஞ்ச பாருங்க, எல்லாம் புதுசாவே கிடக்கு. மகள், அப்பாக்கு வாசிச்சுக் காட்டு.”

பிள்ளை எல்லாப் பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

“கெட்டிக்காரி! தொப்பி போட்ட யானை ஒண்டு நிக்குதே, அதுக்கு என்ன நடந்தது மகள்?”

“தெரியா அப்பா. அது பூட்டிக் கிடக்கு.”

“லைன் வெட்டுது” என்று அக்கா போனை வைத்தாள். லைன் வெட்டவில்லை. வீட்டுக்கு அந்த இணைப்பைப் போட்டவளே நான்.

பிறகு சோகேஸ் பூட்டின் திறப்பை என் மடியில் எறிந்தாள். “ஒண்டு மட்டும் எடுத்துக் குடு. கிழிஞ்சா உன்னைத்தான் கேப்பன்.”

அன்றைக்கே கிழிந்தது. உறையை இறுக்கியிருந்த ஸ்டேப்ளர் முள் கொழுவி மூன்றாம் பக்கம் போயிற்று. அக்கா முள்ளைப் பார்க்கவில்லை, பிள்ளையைத்தான் முறைத்தாள். நான் உறையைக் கழற்றி அக்காவின் கையில் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள்.

இப்போது யானைப் புத்தகம் வெளியே இருக்கிறது. கிழிந்த பக்கத்தில் டேப் ஒட்டியிருக்கிறது. பிள்ளை அந்தப் பக்கத்தைத் தாண்டி, எழுத்துக் கூட்டி, யானை தொப்பியைத் தொலைக்கும் இடம் வரை தானாக வாசிக்கிறாள். ரியூஷனும் நடக்கிறது. மற்றப் புத்தகங்கள் சோகேஸில் இருக்கின்றன. திறப்பு அக்காவிடம் இருக்கிறது.