மாமனாரின் ஒற்றைக் கண்

கண் ஆபரேசன் முடிந்து கட்டைப் பிரித்த அன்று நர்ஸம்மா என் முகத்துக்கு நேரே விரல்களை விரித்து, "எத்தனைன்னு சொல்லுங்க தாத்தா" என்றார். சரியாகவே சொன்னேன். ஐம்பது தாண்டிய கையோடு தாத்தா ஆகிவிட்டதும், அந்த அம்மாவுக்கும் ஏறக்குறைய என் வயதுதான் என்பதும் ஒரே சமயத்தில் தெளிவாகத் தெரிந்தன. சர்க்கரைக்காரர்களுக்குப் புரை சீக்கிரம் வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெளியே வரும் வழியில் ஒரு பெரியவர் எதிரே வந்தார். ஒதுங்கினேன், அவரும் ஒதுங்கினார். அது கண்ணாடி. வீட்டுக்கு வந்து பார்த்தால், சந்தன நிறம் என்று வருகிறவர்களிடமெல்லாம் நான் பெருமையடித்துக்கொண்டிருந்த கூடத்துச் சுவர் வெறும் வெள்ளை. இதையெல்லாம் சொல்லி நானே சிரித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. "தலைக்கு மட்டும் தண்ணி ஊத்திராதீங்க" என்றாள். தன் அப்பாவை நினைத்துக்கொண்டுதான் சொல்கிறாள் என்று தெரிந்தது.

மாமனாருக்கு மல்லசமுத்திரத்தை ஒட்டித் தோட்டம். அவருக்கு இருந்தது ஒரே கண். இளவட்டத்தில் கரும்பு வெட்டும்போது சோகை இலை கிழித்து இடது கண் போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணில் புரை முற்றி, ஆளைக் குரலை வைத்தும் மாட்டை மணியை வைத்தும் கண்டுபிடிக்கிற நிலைக்கு வந்த பிறகும் ஆபரேசனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "இருக்கறதே ஒண்ணுங்க மாப்ள. அதையும் கொண்டுபோயிக் கத்திக்குக் குடுக்கச் சொல்றீங்களா?" என்பார். ஒருநாள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் சட்டையைப் பார்த்து, "ஏனுங்க நின்னுக்கிட்டே இருக்கறீங்க, உக்காருங்க" என்று உபசரித்தார். பக்கத்தில் நின்ற நான், சட்டையின் சார்பில் நன்றி சொன்னேன். அந்தக் கண்ணோடுதான் அமாவாசைதோறும் பஸ் மாறி ராசிபுரம் போய், விதவையான தன் அக்காவைப் பார்த்துவிட்டு வருவார். அந்த அம்மா மகன் வீட்டில் இருந்தார். போய் வந்ததும் மாமனார் எங்களிடம் ஒரே சேதியைச் சொல்வார்: "அக்காவுக்கு ஒரு கொறையுமில்ல. கொரலு அப்படியே கணீருன்னு இருக்குது. நல்லா இருக்கறேன் சாமின்னா."

கடைசியில் மகள் அழுது, மகன் சண்டை போட்டு, ஒருவழியாகக் கோயமுத்தூருக்குக் கிளம்பினார். கூடப் போக யாரை அனுப்புவது என்று பேச்சு வந்தபோது, "எழுதறவரு சும்மாத்தானே இருப்பாரு" என்று மச்சினன் என்னைக் கைகாட்டினான். மறுத்துப் பேச என்னிடம் ஆதாரம் இல்லை. ஆபரேசன் நன்றாக முடிந்தது. குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, புகை ஆகாது, முக்கியமாகச் சொல்லும்வரை தலைக்குத் தண்ணீர் ஊற்றவே கூடாது, கிருமி போய்விட்டால் கண்ணே போய்விடும் என்று டாக்டர் அவருக்கும் எனக்கும் தனித்தனியாகச் சொன்னார். வீடு வந்து சேர்ந்ததும் மாமனார் குச்சிக்கிழங்குக் காட்டைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், பிறகு சொட்டு மருந்தோடு நின்ற என்னைப் பார்த்தார். "மாப்ள, நீங்க இத்தன கருப்புங்களா?" என்றார். கல்யாணம் முடிந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகு இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றேன். அந்த வீட்டில் நான் கேட்ட பெரிய சிரிப்பு அன்று அவர் சிரித்ததுதான்.

அடுத்த அமாவாசைக்கு அக்காவைக் கண்ணாரப் பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் எழவுச் சேதி வந்துவிட்டது. வேண்டாம், மகன் போய்வரட்டும் என்று நாங்கள் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை போக வேண்டும். அதை உடன்பிறந்தவன் கையால் போர்த்த வேண்டும். இருந்த உடன்பிறப்பு இவர் ஒருவர்தான். கருப்புக் கண்ணாடியோடு காரில் உட்கார்ந்தார். மடியில் சேலையை வைத்துக்கொண்டார்.

அங்கே சேர்ந்ததும் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டார். குனியாமலிருக்க நானும் மச்சினனும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். அவர் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கன்னம் ஒட்டி, நெற்றிப் பொட்டுகள் குழிந்து, காறை எலும்பு இரண்டும் கட்டை போலத் துருத்திக்கொண்டிருந்தன. முழங்கையில் படுக்கைப் புண் காயாமலிருந்தது. தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. அந்த வீட்டு மகன் தலைமாட்டில் நின்று வருகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தான். மாமனார் சேலையை விரித்து, கால் தெரிந்தாலும் பரவாயில்லை என்பதுபோல, கழுத்துவரை இழுத்து மூடினார்.

எரித்துவிட்டு வந்ததும் ஆண்களெல்லாம் கிணற்றடித் தொட்டியில் தலைமுழுகினார்கள். தொட்டி முழுக்கப் பாசி. "மாமா, நீங்க ஒடம்புக்கு மட்டும் ஊத்திக்கலாமுங்க" என்றேன். பங்காளிகளில் மூத்தவர் ஒருவரும், "கண்ணு ஆபரேசன் பண்ணுனவனுக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சாவே தீட்டுப் போயிரும். ஒருத்தனும் ஒண்ணுஞ் சொல்லமாட்டான். கண்ணப் பாரு நீ" என்று அதட்டினார். சாத்திரமே இறங்கி வந்து சலுகை கொடுத்தது. மாமனார் தலையாட்டிக்கொண்டே குடத்தை எடுத்தார். மஞ்சள் தண்ணீருக்கு நான் திரும்பிய நேரத்தில், தொட்டித் தண்ணீரை மொண்டு தலைவழியாக ஊற்றிக்கொண்டார். கண்ணை மூடிக்கொள்ளவில்லை. குடத்தை நான் பிடுங்கும்போது ஈர இமைகளோடு என்னை நேராகப் பார்த்தார்.

மறுநாளே கண் சிவந்தது. அதற்கடுத்த நாள் சீழ். கோயமுத்தூரில் கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள், திரும்பவும் கீறிக் கழுவினார்கள். வலியில் அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடப்பார். அப்போதும் அக்கா பேரை எடுக்கவில்லை. பார்வை வராது என்று முடிவாகச் சொன்ன அன்று டாக்டர் பொறுக்க முடியாமல் கேட்டார்: "அவ்வளவு சொல்லியும் ஏன் பெரியவரே தலைக்கு ஊத்துனீங்க?"

"எங்கக்கா செத்துருக்கறா. தலமுழுகாம எப்படீங்க?" என்றார் மாமனார். டாக்டர் மருந்துச் சீட்டை எழுதப் போனார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. மஞ்சள் தண்ணீர் போதுமென்று பங்காளிப் பெரியவர் சொன்னபோது தலையாட்டியவரும் இவர்தானே. 

ஊர் திரும்பும்போது காரில் மாமனாரும் நானும் பின்சீட்டில் இருந்தோம். ஈரோட்டுக்குள் நுழைந்த பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"மாப்ள, ஒண்ணு கேக்கறேன். அக்கா நெசமாவே அப்படித்தான் இருந்தாளுங்களா? இல்ல, புதுக் கண்ணுங்கறதால எனக்கு மட்டும் அப்படித் தெரிஞ்சுதுங்களா?"

புதுக் கண் யாரையும் இளைக்க வைத்துக் காட்டாது என்பது இன்று எனக்குச் சொந்த அனுபவம். அன்று அது தெரியாது. ஆமாம், புது லென்ஸ் கொஞ்சம் அப்படித்தான் காட்டும் என்று சொல்லியிருக்கலாம். கதை கட்டுவதுதானே என் பிழைப்பு. கட்டுப்போட்ட அந்த முகத்துக்கு முன்னால் அது வரவில்லை.

"அப்படித்தானுங்க மாமா இருந்தாங்க."

"அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுதான் இருந்துருக்குது" என்றார்.

முன்சீட்டிலிருந்த மச்சினன் திரும்பவில்லை. கார் பள்ளிபாளையம் பாலத்தில் ஏறியது. காற்று வந்த பக்கமாக மாமனார் முகத்தைத் திருப்பினார்.

"ஆத்துல தண்ணி போகுதுங்களா?"

"போகுதுங்க மாமா."

"நெசமாத்தானுங்களே?"

வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டு வந்து, போகிறது என்று சொன்னேன்.